வெயிலில் வெடிக்காத பிளாஸ்டிக் எது?

ராதாபுரம் பக்கம் சோலார் பம்புசெட் மாட்டிக் கொடுக்கும் ஒருவர், போன வருஷம் வைகாசியில் மஞ்சள் பையிலிருந்து ஒரு மூடியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். கன்ட்ரோல் பெட்டிக்காக நாங்கள் வார்த்துக் கொடுத்த மூடி. வெள்ளையாகப் போனது பழைய செய்தித்தாள் நிறத்தில் திரும்பி வந்திருந்தது. "வெயில்ல வெடிச்சுட்டு அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே, திருகு ஓட்டைக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். டக்கென்று ஒரு துண்டு அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது.

அது மட்டமான சரக்கு இல்லை. புத்தம்புது ஏபிஎஸ். ஹெல்மெட் ஓடு செய்கிற அதே பிளாஸ்டிக். வார்த்த அன்று சுத்தியலால் தட்டியிருந்தாலும் தாங்கியிருக்கும். "நல்ல ஏபிஎஸ்ல போடுங்க" என்று அவர் கேட்டார், நானும் தலையை ஆட்டினேன். தொழிலில் இருக்கிற நான்தான் மறுத்திருக்க வேண்டும். உறுதியான பிளாஸ்டிக் என்றால் வெயிலிலும் உழைக்கும் என்று இருவருமே எடுத்துக்கொண்டோம். பலம் வேறு, வெயிலில் ஆயுள் வேறு. கடைத்தெருவில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வெயில் என்றால் சூடா, வெளிச்சமா?

பிளாஸ்டிக் நாற்காலி முற்றத்தில் கிடந்து உடைந்தால் "சூடு தாங்கல" என்கிறோம். சூட்டுக்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை. சந்தேகம் இருந்தால் பழைய மொபெட்டின் மட்கார்டில் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்றை உரித்துப் பாருங்கள். ஸ்டிக்கருக்கு அடியில் பளபளப்பு அப்படியே இருக்கும். அரை அங்குலம் தள்ளி நிறம் வெளுத்து, விரலால் தேய்த்தால் சாம்பல் மாதிரி பொடி வரும். இரண்டு இடமும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருந்தன. வெளிச்சம் பட்டது ஒன்றில் மட்டும்.

அந்த வெளிச்சத்திலும் எல்லாம் கெடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்தையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அதற்குப் பெயர் புற ஊதாக் கதிர். பிளாஸ்டிக் வியாபாரத்தில் எல்லோரும் 'யுவி' என்பது இதைத்தான். தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் இது சுமார் 5 சதவீதம்தான். ஆனால் கார்பன் அணுவையும் கார்பன் அணுவையும் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்பை அறுக்கிற தெம்பு இதற்கு உண்டு.

இடியாப்பமும் இடியாப்ப உப்புமாவும்

பிளாஸ்டிக் எல்லாமே நீள நீளமான சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியிலும் ஆயிரக்கணக்கான அணுக்கள் வரிசையாகக் கோத்திருக்கும். இப்படிப்பட்ட நீளச் சங்கிலிப் பொருளுக்குப் பாலிமர் என்று பெயர். சூடான இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் முழுதும் கூடவே வருகிறது. இழைகளுக்கு நடுவே பசை தடவியா வைத்தார்கள்? நீளமாக இருப்பதால் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். பிளாஸ்டிக்கின் உறுதியும் இந்தப் பின்னலில்தான் இருக்கிறது.

அதே இடியாப்பத்தை உதிர்த்துத் தாளித்து உப்புமா ஆக்கிவிட்டால்? மாவு அதே மாவுதான், எடையும் அதேதான். தூக்க வராது. உதிரும். யுவி செய்வது இந்த உதிர்க்கும் வேலையைத்தான். சங்கிலிகள் நடுநடுவே அறுந்து குட்டையாகின்றன. பிளாஸ்டிக் எங்கேயும் போய்விடவில்லை, பின்னல் போய்விட்டது.

எண்ணெய் சிக்கு வாடை எடுப்பது போல

வெளிச்சம் ஒரு பிணைப்பை அறுத்ததோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. அறுந்த முனை சும்மா இருப்பதில்லை. கை பிடிக்க ஆள் தேடும். இப்படிப் பிடிமானம் இல்லாமல் திரியும் முனைக்கு ஃப்ரீ ராடிக்கல் என்று பெயர். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் உடனே அதோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. இப்போது பக்கத்துச் சங்கிலியும் அதே கதி. ஓலைக் கூரையில் ஒரு பொறி விழுந்தது போல, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போகும்.

இந்த வேதியியல் நமக்குப் புதிதில்லை. திறந்து வைத்த கடலை எண்ணெய் வெளிச்சமும் காற்றும் பட்டுச் சிக்கு வாடை எடுக்கிறதே, அதுவும் இதே வகைத் தொடர்வினைதான். பிளாஸ்டிக்கில் வெளிச்சம் தொடங்கி வைத்து ஆக்சிஜன் முடிக்கும் இந்தக் கெடுதலை ஒளி ஆக்சிஜனேற்றம் என்பார்கள். சூட்டின் பங்கு இங்கேதான் வருகிறது: வேதிவினை பெரும்பாலும் சூட்டில் வேகம் பிடிக்கும். வெளிச்சம் தீ வைக்கிறது, சூடு விசிறுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பிளாஸ்டிக்கின் உறுதி நீளமான சங்கிலிகளின் பின்னலில் இருக்கிறது. யுவி சங்கிலியை அறுக்கிறது, ஆக்சிஜன் அதைப் பரப்புகிறது, சூடு வேகப்படுத்துகிறது. சங்கிலி குட்டையானால் பொருள் நொறுங்கும்.

மேல்தோல் மட்டும் கெட்டால் ஏன் முழுதும் உடைகிறது?

"மூணு எம்எம் கனம் போட்டுட்டா வெயில் என்ன பண்ணும்?" இந்தக் கேள்வி வாராவாரம் வரும். நியாயமான கேள்விதான். யுவியும் ஆக்சிஜனும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மேல்தோலைத்தான் பெரும்பாலும் கெடுக்கின்றன. உள்ளே நல்ல சரக்கு அப்படியே இருக்கும்.

ஆனால் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வைப்பார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தால் சர்ரென்று கடைசிவரை போய்விடும். வெட்டு வைக்காமல் அதே துணியை அவரால் கிழிக்க முடியாது. கெட்டுப்போன மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கத்தரி வெட்டு. பொருளை வளைக்கும்போது இழுவை முழுவதும் அந்த வெடிப்பின் நுனியில் போய்க் குவிகிறது. நல்ல சரக்கும் சேர்ந்து கிழிகிறது. கனம் கூட்டினால் ஆயுள் கொஞ்சம் நீளும். காசு கொடுத்து வாங்குகிற அளவுக்கு நீளாது.

துணி கிளிப்புகள் ஒரே கோடையில் கையோடு வந்துவிடுவதற்கும் இதுதான் காரணம். எப்போதும் ஸ்பிரிங்கின் இழுவையில் இருக்கிறது, எப்போதும் கொடியிலேயே கிடக்கிறது. காய்ந்ததும் கிளிப்பையும் சேர்த்து எடுத்து உள்ளே வைக்கச் சொல்லி எங்கள் வீட்டில் நான் வாங்காத பேச்சு இல்லை.

பெயரைப் பார்த்து என்ன தெரியும்?

நாற்காலி, வாளி, டப்பா எல்லாம் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். விலை குறைவு, வளைந்து கொடுக்கும், அமிலமும் உப்பும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் இதன் சங்கிலியில் ஒரு கார்பன் விட்டு ஒரு கார்பனில் பக்கவாட்டில் ஒரு முளை உண்டு. அந்த முளை இருக்கும் இடத்தில் ஹைட்ரஜன் தளர்வாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிடுங்குவதற்குத் தோதான இடம். பாதுகாப்பு எதுவும் சேர்க்காத பாலிபுரொப்பிலீன் நம் வெயிலில் சில மாதங்களிலேயே பொடியும்.

பாலிஎத்திலீன் அதன் அக்காள் மாதிரி. முளை குறைவு, அதனால் பொறுமை அதிகம். மொட்டை மாடித் தண்ணீர் டேங்க், மீன் பெட்டி, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் இதன் வகைகள். இதற்கும் பாதுகாப்பு சேர்த்தே ஆக வேண்டும்.

இப்போது என்னை மாட்டிவிட்ட ஏபிஎஸ். இதைப் புரிந்துகொள்ள ஒரு கோவில்பட்டி கடலைமிட்டாய் போதும். கண்ணாடி போலக் கெட்டியான பாகு, நடுநடுவே பருப்பு. ஏபிஎஸ்ஸில் பாகு இருக்கும் இடத்தில் ஒரு கெட்டிப் பிளாஸ்டிக், பருப்பு இருக்கும் இடத்தில் மிக நுண்ணிய ரப்பர் மணிகள். அடி விழும்போது வெடிப்பு பரவாமல் தடுப்பவை அந்த ரப்பர் மணிகள்தான். அதனால்தான் சுத்தியல் அடிக்கும் உடையவில்லை. சிக்கல் என்னவென்றால், பியூட்டாடையீன் என்ற அந்த ரப்பரின் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஆக்சிஜனுக்கு அவை ரொம்ப இஷ்டம். கடலைமிட்டாய் பழசானால் முதலில் சிக்கு எடுப்பது பருப்புதானே, பாகு இல்லையே. அதே கதை. ரப்பர் மணிகள் விறைத்ததும் மிஞ்சுவது வெறும் பாகு. அது பாகு மாதிரியேதான் உடையும்.

இதற்கு மாற்று நேரடியாகவே இருக்கிறது: ஏஎஸ்ஏ. பாகு அதேதான். பருப்பை மட்டும் மாற்றிவிட்டார்கள். பியூட்டாடையீனுக்குப் பதில், சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாத அக்ரிலேட் ரப்பர். ஏபிஎஸ் ஓடும் டையில் (வார்ப்பு அச்சில்) பெரும்பாலும் இதையும் ஓட்டலாம், ஏனெனில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சுருங்குகின்றன. விலை கூடுதல். வெளியில் நிற்கும் பெட்டி, மூடி, கார் கண்ணாடியின் வெளி உறை போன்றவற்றுக்கு நான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

வெளிச்சம் ஊடுருவ வேண்டிய பொருள் என்றால் போட்டி இருவருக்குள். அக்ரிலிக் வெயிலுக்கு அசராது. வண்டிகளின் பின்விளக்கு மூடி பெரும்பாலும் அதுதான். பழைய வண்டியிலும் சிவப்பு மங்காமல் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். கல் பட்டால் மட்டும் உடைந்துவிடும். பாலிகார்பனேட் கல்லடிக்கு அசராது, வெயிலில் மஞ்சளாகும். முன்விளக்குக் கண்ணாடி பாலிகார்பனேட்தான். அதன்மேல் பூசியிருக்கும் காப்புப் பூச்சு தேய்ந்துபோன வண்டியில் விளக்கு, கண்புரை விழுந்த மாதிரி தெரியும். தெருவிளக்கு, கூரைத் தகடு இவற்றுக்குப் பாலிகார்பனேட் வாங்கினால் யுவி படலம் எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கத்தை வெயிலைப் பார்த்து வையுங்கள். தலைகீழாகப் போட்டுவிட்டுக் கம்பெனியைத் திட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

நைலான் பல்சக்கரத்துக்கு நல்லது, ஆனால் ஈரத்தைக் குடித்து ஊதும். அளவு பிசகக் கூடாத பாகத்தைக் குற்றாலச் சாரலில் நனைய விட்டால் அளவு மாறும். பிவிசி குழாய்க்குச் சரி. ஆனால் 80 டிகிரியை ஒட்டி இளகிவிடும் என்பதால் தகரக் கூரைமேல் முட்டுக் கொடுக்காமல் கிடத்தினால் தொய்யும்.

ஆக, உள்ளே வலுவாக இருப்பது எது என்பதும் வெளியே நிலைப்பது எது என்பதும் இரண்டு தனிப் பட்டியல்கள். ஏபிஎஸ் முதல் பட்டியலில் மேலே, இரண்டாவதில் கீழே.

பெயரை விட முக்கியம், கூடக் கலந்தது

ஒரே பாலிபுரொப்பிலீனில் செய்த ஒரு நாற்காலி ஒரு கோடையில் போகிறது, இன்னொன்று பல வருஷம் திண்ணையில் நிற்கிறது. உருக்கி வார்க்கும் பிளாஸ்டிக் குருணை அதே குருணை. வித்தியாசம் கலவையில்.

கலப்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று குடை மாதிரி: யுவியைத் தானே வாங்கிக்கொண்டு, கெடுதல் இல்லாத சூடாக மாற்றி விட்டுவிடும். இதை யுவி உறிஞ்சி எனலாம். இன்னொன்று ஓலைக் கூரையைச் சுற்றி வாளியோடு நிற்கும் ஆட்கள் மாதிரி: பொறி விழுவதைத் தடுக்காது, விழுந்த பொறி பரவுவதற்குள் அணைக்கும். இதன் பெயர் ஹால்ஸ். இருமல் மிட்டாய் இல்லை, ஆங்கிலப் பெயரின் சுருக்கம். இதன் தனிச்சிறப்பு, ஒரு ஃப்ரீ ராடிக்கலை அடக்கிய பிறகு தன் பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி வேலைக்கு வந்துவிடும். வாளி தானாக நிரம்புகிற மாதிரி. அதனால் கொஞ்சமே போதும். 25 கிலோ மூட்டைக்கு 0.3 சதவீதம் என்று வைத்தால் 75 கிராம். அந்தக் கொஞ்சத் தூளை மிச்சம் பிடிப்பதில்தான் பல பேர் கெட்ட பெயர் வாங்குகிறார்கள். எனக்கே ஒருமுறை "யுவி போட்ட குருணை" என்று ஒருவர் தந்ததில் யுவியும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்தத் தூளை அப்படியே தூவுவதில்லை. கொஞ்சம் பிளாஸ்டிக்கில் செறிவாகக் கலந்த குருணையாக வரும். அதற்கு மாஸ்டர்பேட்ச் என்று பெயர், உறை மோர் மாதிரி.

எல்லாவற்றிலும் மலிவான குடை, கார்பன் பிளாக். நம் பாட்டிமார் விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குப் பிடித்த புகைக்கரியின் தொழிற்சாலை உறவு. விவசாயத்துக்கும் குடிநீருக்கும் போடும் கறுப்பு எச்டிபிஇ (கெட்டி வகைப் பாலிஎத்திலீன்) குழாய்க்கான இந்தியத் தரம் ஐஎஸ் 4984, கார்பன் பிளாக் 2.5 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்கிறது. அழகுக்குச் சேர்த்த நிறம் இல்லை அது.

"கறுப்புன்னா ஸ்கிராப்பு" என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பதிலும் பாதி உண்மை இருக்கிறது. பழைய சரக்கை மறுபடி உருக்குபவர்கள் பல நிறக் கலப்பை மறைக்கக் கறுப்பு போடுவார்கள். பழைய சரக்கின் சங்கிலிகள் ஏற்கெனவே அறுபட்டவை, அதிலிருந்த ஹால்ஸும் செலவாகியிருக்கும். அதனால் கறுப்பு என்பது நல்லதுக்கும் அடையாளம், கெட்டதுக்கும் அடையாளம். எவ்வளவு கார்பன், குருணை புதியதா பழையதா என்று கேட்டால்தான் தெரியும். இன்னொன்று, கறுப்பு வெயிலை உறிஞ்சும். சித்திரை மதியத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். உள்ளே எலெக்ட்ரானிக் போர்டு இருந்தால் வெளிர் நிறத்தில் ஏஎஸ்ஏ போடுவதுதான் புத்திசாலித்தனம்.

நம்மூருக்கு என்று சில

திருநெல்வேலி இருப்பது ஏறக்குறைய 8.7 டிகிரி வடக்கில். சித்திரை பிறப்பை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. சாய்ந்து வரும் வெயிலை விட நேராக இறங்கும் வெயில் குறைந்த காற்றைக் கடந்து வருகிறது, அதனால் யுவி அதிகம். ஆடிக் காற்று அடிக்கும்போது திசையன்விளைப் பக்கம் உடம்புக்கு வெக்கை தெரியாது. யுவிக்கு அது கணக்கில்லை. அந்தக் காற்று தேரிக்காட்டுச் செம்மணலையும் கூட்டிக்கொண்டு வந்து, கெட்ட மேல்தோலைத் தேய்த்து அடுத்த தோலை வெயிலுக்குக் காட்டும்.

உவரி, இடிந்தகரைக் கடலோரத்தில் பிளாஸ்டிக்கைக் கேட்பதற்குக் காரணமே அது துருப்பிடிக்காது என்பதுதான். சரி, ஆனால் அதில் முறுக்கிய இரும்புத் திருகு துருப்பிடித்து ஊதும். ஊதினால் ஓட்டையைச் சுற்றி வெடிக்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் போடுங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் பக்கம் பக்கமாக எச்சரிக்கும் உறைகுளிர் நமக்கு மாஞ்சோலை மலையில்கூட இல்லை. அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடலாம்.

திருகு பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் சூட்டில் நன்றாக நீளும். ஒரு மீட்டர் பாலிஎத்திலீன் 40 டிகிரி ஏறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். இரும்பு அரை மில்லிமீட்டர்தான். நாலு மூலையிலும் இறுக்கி முறுக்கிவிட்டால் அது எங்கே போகும்? ஒரு ஓட்டை வட்டம், மற்றவை நீள்வட்டம் என்று டையிலேயே வைத்துவிட வேண்டும். உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக்கவும் வேண்டும், கூர் மூலையும் ஒரு கத்தரி வெட்டுதான்.

மொட்டை மாடிப் பரிசோதனை

விற்பவர் காகிதத்தில் "இத்தனை மணி நேரம் யுவி டெஸ்ட்" என்று இருக்கும். ஆய்வகத்தில் செனான் விளக்கு போன்றவற்றின் முன் வைத்துப் பார்த்த கணக்கு அது. இரண்டு சரக்குகளில் எது மேல் என்று ஒப்பிட உதவும். இத்தனை மணி என்றால் நம் மாடியில் இத்தனை வருஷம் என்று நேராக மாற்ற முடியாது.

அதனால் நான் பங்குனியில் ஒரு பலகை வைத்தேன். வாங்க நினைக்கும் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு துண்டு. அதில் பாதியை அலுமினிய ஃபாயிலால் சுற்றி, பலகையைச் சாய்க்காமல் படுக்கப்போட்டு, காகம் புரட்டாமல் இருக்க இரண்டு கம்பி கட்டினேன். சித்திரை பிறப்பிலிருந்து ஆவணி நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடும், தெற்குப் பார்த்துச் சாய்த்தால் நஷ்டம். ஆடி கடைசியில் ஃபாயிலைப் பிரித்து, மூடிய பாதியையும் மூடாத பாதியையும் நகத்தால் கீறி, வளைத்துப் பார்த்தேன்.

ராதாபுரத்துக்காரருக்கு மாற்றிக் கொடுத்த ஏஎஸ்ஏ மூடியின் துண்டில் ஃபாயில் இருந்த கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பக்கத்தில் கிடந்த பழைய ஏபிஎஸ் துண்டில் தேட வேலையே இல்லை. கீழே கொண்டுவர எடுக்கும்போதே அந்தக் கோட்டில் இரண்டாக உடைந்தது, ஃபாயில் சுற்றிய பாதி என் கையில் வெள்ளை வெளேரென்று மிஞ்சியது.